புகைப்படத் தாளுக்குச் சிவப்பு தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பில் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் அக்கறையோடு எழுதியிருந்தார், நானும் ஒரு வரி விடாமல் படித்தேன். ஆனால் நான்காவது பத்தியில் ஒரு தவறு இருக்கிறது. புகைப்படத் தாளில் துளி வெளிச்சம் பட்டாலும் வீணாகிவிடும், முழு இருட்டில், அதற்கென்றே கட்டிய இருட்டறையில் மட்டும்தான் பிரிண்ட் போட முடியும், வீட்டில் முயல்வது வீண் செலவு என்று அதில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் மாடி வீட்டுப் பையன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தான். விடுமுறையில் புகைப்படம் கழுவக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தை மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவன். அன்றைக்கு உங்கள் இணைப்பை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வந்தான். "அப்போ நம்மால முடியாதா டீச்சர்?" என்று கேட்டான். முகம் சுருங்கிப் போயிருந்தது. நான் பள்ளியில் 31 வருடம் வேதியியல் நடத்தியவள். எனக்கு இப்போது 67 வயது. "சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டு வா" என்று அவனிடம் சொன்னேன். பழைய ஞாபகத்தை மட்டும் வைத்து உங்களுக்கு எழுதக் கூடாது, மறுபடி ஒருமுறை கையால் செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்றுதான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

கட்டுரை எழுதியவர் பிலிமையும் தாளையும் ஒன்றாக்கிவிட்டார் என்று நினைக்கிறேன். இன்று கேமராவுக்குள் போடும் வழக்கமான கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும். அதை முழு இருட்டில்தான் சுருளிலிருந்து எடுத்துக் கழுவும் டப்பாவுக்குள் ஏற்ற வேண்டும். பிரிண்ட் போடும் தாள் வேறு. அதில் ஜெலட்டினோடு கலந்து பூசியிருப்பது சில்வர் புரோமைடு என்ற வெள்ளி உப்பு, சில தாள்களில் கொஞ்சம் சில்வர் குளோரைடும் சேர்ந்திருக்கும். அந்தப் படிகங்கள் புற ஊதாக் கதிரையும் நீலத்தையும் பிடித்துக்கொள்ளும். சிவப்பு ஒளிக்கு அவற்றை அசைக்கும் ஆற்றல் கிடையாது. இப்போது கிடைக்கும் தாள்கள் பலவற்றுக்குப் பச்சையும் தெரியும், ஒரே தாளில் கான்ட்ராஸ்டை, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை, கூட்டிக் குறைப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அவற்றுக்கும் சிவப்பு தெரியாது. ஸ்டூடியோ இருட்டறைகளில் சிவப்பு விளக்கு எரிந்ததற்குக் காரணம் இதுதான். கலர் தாள் வேறு சங்கதி, அதற்கு முழு இருட்டு வேண்டும். நான் சொல்வது கறுப்பு வெள்ளைத் தாளை மட்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1972-இல் தஞ்சாவூர் மேல வீதிக்குப் பக்கத்துச் சந்தில், எங்கள் வீட்டு அடுப்படியில் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் அப்போது கல்லூரியில் முதல் வருடம், நான் எட்டாம் வகுப்பு. மாமா அவனுக்கு ஓர் அக்ஃபா கிளிக் 3 கேமரா கொடுத்திருந்தார். 120 என்ற வகைப் பிலிம் சுருள் ஒன்றைப் போட்டால் 12 படம் எடுக்கலாம், ஒவ்வொன்றும் ஆறு சென்டிமீட்டர் சதுரம். பிலிமை ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவிவிடுவோம், ஆனால் 12 படத்துக்கும் பிரிண்ட் போடக் காசு இருக்காது. நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எதில் எல்லோரும் சிரித்திருக்கிறோம் என்று தேடுவோம். நெகட்டிவில் சிரிப்பைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை, பல் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும் இருக்கும். எப்படியோ இரண்டைத் தேர்ந்தெடுப்போம். மற்ற பத்தும் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும்.

ஸ்டூடியோவில் கழுவும் வேலை பார்த்த பெரியவர் ஒருநாள் அண்ணனைக் கூப்பிட்டு, "தம்பி, நெகட்டிவே இவ்வளவு பெருசா இருக்கு. அதே சைஸுக்குப் போட என்லார்ஜர் எதுக்கு? தாளு, கண்ணாடி, ஒரு பல்பு போதும்" என்றார். என்லார்ஜர் என்பது நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவி. தாளில் படத்தை எழுப்பும் கரைசலான டெவலப்பரைக் கலக்கும் அளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 3 கிராம், சோடியம் சல்பைட் 45, ஹைட்ரோகுயினோன் 12, நீரற்ற சோடியம் கார்பனேட் 68, பொட்டாசியம் புரோமைடு 2. பயன்படுத்தும்போது இதில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். இது கோடக் கம்பெனியின் டி-72 என்ற பழைய சூத்திரம் என்பது பி.எஸ்ஸி. படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று கிராமை எதில் நிறுப்பது? எதிர் வீட்டுப் பத்தர் தன் தராசில், பொன்னை நிறுப்பதுபோல மூச்சை அடக்கிக்கொண்டு நிறுத்துக் கொடுத்தார்.

அந்தச் சீட்டில் பெரியவர் ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தார்: "மெட்டால் முதல்ல, சல்பைட் அப்புறம்." ஏன் என்று அவர் சொல்லவில்லை. சல்பைட் நிறையக் கரைந்த நீரில் மெட்டால் சரியாகக் கரையாது என்பதைப் பிற்பாடு நானே ஆய்வகத்தில் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும் வெளிச்சம் பட்ட படிகங்களை வெள்ளியாக மாற்றும். சல்பைட் அவை காற்றில் கெடாமல் காக்கும். கார்பனேட் காரத்தன்மை கொடுக்கும், அது இல்லாமல் வேலை நடக்காது. புரோமைடு, வெளிச்சம் படாத இடங்கள் கறுத்துவிடாமல் தடுக்கும்.

தாள் ஊட்டியிலிருந்து வந்தது. ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் 1967-இல்தான் உற்பத்தி தொடங்கியிருந்தது. அவர்களுடைய சரக்கின் பெயர் 'இந்து', அதாவது நிலா. கறுப்பு உறைக்குள் இருக்கும் அந்தத் தாளின் வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தத் தொழிற்சாலை இப்போது இயங்கவில்லை என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரவுச் சாப்பாடு முடிந்து, அடுப்படியைக் கழுவித் துடைத்து, பத்து மணிக்குமேல்தான் ஆரம்பிப்போம். சாமி அறையில் எரியும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பை அண்ணன் கழற்றிக்கொண்டு வருவான். பெயர்தான் ஜீரோ, பத்துப் பதினைந்து வாட் எரியும் என்பதால் தாளிலிருந்து நாலடி தள்ளித் தொங்கவிடுவோம். அம்மா இரண்டு நிபந்தனை போட்டிருந்தாள். விடிவதற்குள் பல்பு சாமி அறைக்குத் திரும்ப வேண்டும், சமையல் பாத்திரம் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது. அதனால் மூன்று எனாமல் தட்டுகள் தனியாக வாங்கினோம். அலுமினியத் தட்டு உதவாது, டெவலப்பரின் காரம் அதை அரித்துவிடும். முதல் தட்டில் டெவலப்பர், இரண்டாவதில் அதன் வேலையை நிறுத்த நீர்த்த அசிட்டிக் அமிலம், மூன்றாவதில் படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ. ஹைப்போ தொட்ட கையை டெவலப்பரில் விடக் கூடாது என்பதற்காக, வலது கை டெவலப்பருக்கு, இடது கை ஹைப்போவுக்கு என்று அண்ணன் பிரித்து வைத்திருந்தான்.

பலகையின் மேல் தாள், தாளின் மேல் நெகட்டிவ், அதன் மேல் சாமி படத்திலிருந்து கழற்றிய கண்ணாடி. நாலடி உயரத்தில் 40 வாட் பல்பு. எங்களிடம் கைக்கடிகாரம் இல்லை. கூடத்துச் சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் சத்தத்தைக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து எண்ணுவோம். முதலில் ஒரு சிறு துண்டுத் தாளை வைத்து, அட்டையால் மூடி, நாலு எண்ணிக்கைக்கு ஒருதரம் அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவோம். கழுவினால் படிக்கட்டு மாதிரி வெளுப்பிலிருந்து கறுப்பு வரை பட்டைகள் வரும். எந்தப் பட்டை நன்றாக இருக்கிறதோ, அதுதான் அந்த நெகட்டிவுக்கு உரிய நேரம். இதற்கு மீட்டர் எதுவும் தேவைப்படவில்லை.

முதல் படம் வந்த ராத்திரியில் அம்மாவும் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் முதலில் கறுப்பான இடங்கள்தான் தோன்றும். அவளுடைய கூந்தல், பிறகு பொட்டு, பிறகு கதவு நிலையின் நிழல். முகம் கடைசியில் வந்தது. அவள் குனிந்து பார்த்து, "பாட்டி கொடுத்த புடவைடா இது" என்று மட்டும் சொன்னாள். புடவையின் கரை அப்போதுதான் தெளிந்துகொண்டிருந்தது. பிஸ்கட் டப்பாவில் கிடந்த பத்துக்கும் அந்த மாதமே பிரிண்ட் போட்டுவிட்டோம். கழுவிய படங்களைத் துடைத்த பீரோக் கண்ணாடியில் முகப்பக்கம் ஒட்டி வைத்தால், காலையில் காய்ந்து தானாகவே ஒவ்வொன்றாகக் கழன்று விழும். ஸ்டூடியோப் படங்களின் பளபளப்பு அதிலும் இருந்தது.

இனி இந்த வருடத்துக் கதை. என்னுடைய இப்போதைய வீட்டில் அடுப்படி திறந்த அமைப்பு, மறைக்க முடியாது. குளியலறையை எடுத்துக்கொண்டோம். மேலே உள்ள கண்ணாடிப் பட்டை ஜன்னலுக்குக் கறுப்பு சார்ட் இரண்டு மடிப்பு. கதவுக்கு அடியில் நனைத்த சாக்கு. ராத்திரி வேலை என்பதால் தெருவிளக்கு ஒன்றைத்தான் மறைக்க வேண்டியிருந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். கண் பழகியபின் வெளிச்சம் எங்கிருந்து கசிகிறது என்று நன்றாகத் தெரியும். கதவின் கீல் பக்கத்தில் ஒரு கோடு தெரிந்தது, பழைய துண்டை அடைத்தோம். இவ்வளவுதான் எங்கள் இருட்டறை.

சிவப்பு விளக்கில்தான் கவனம் வேண்டும். கடையில் விற்கும் சிவப்பு எல்லாம் சிவப்பு ஆகாது. வெள்ளை எல்.இ.டி. மேல் சிவப்பு பிளாஸ்டிக் மூடியிருந்தால் அதில் பச்சையும் நீலமும் கசியலாம். ஒரு பழைய சி.டி. தகட்டைத் திருப்பிப் பிடித்து, பளபளக்கும் பக்கத்தில் விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். வானவில்லில் சிவப்பு மட்டும் தெரிந்தால் நல்லது. பச்சைக் கீற்று தெரிந்தால் அந்த விளக்கு வேண்டாம். நாங்கள் வாங்கிய முதல் விளக்கில் பச்சை தெரிந்தது, இரண்டாவது சரியாக இருந்தது. அப்புறம் காசுச் சோதனை. ஒரு துண்டுத் தாளுக்கு மிகக் குறைவான வெளிச்சம் காட்டி, கழுவினால் லேசான சாம்பல் வரும்படி செய்துகொண்டு, அதன் மேல் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை வைத்துச் சிவப்பு விளக்கின் அடியில் ஐந்து நிமிடம் விட வேண்டும். பிறகு கழுவினால் காசின் வட்டம் தெரியக் கூடாது. வெளிச்சமே காட்டாத தாளில் இந்தச் சோதனையைச் செய்தால் ஏமாந்துபோவோம். ஏற்கெனவே கொஞ்சம் வெளிச்சம் வாங்கிய தாள்தான் சீக்கிரம் கறுக்கும்.

அடுத்த தொல்லை தஞ்சாவூர் வெயில். சூத்திரங்களில் எல்லாம் 20 டிகிரி என்று போட்டிருக்கும். ஏப்ரல் மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கும் எங்கள் குழாயில் 31 டிகிரித் தண்ணீர் வந்தது. அந்தச் சூட்டில் படம் அரை நிமிடத்தில் குதித்து வந்துவிடும், வெள்ளையான இடங்களும் சேர்ந்து மங்கும். மண்பானைத் தண்ணீரில் டெவலப்பரைக் கலந்து, தட்டை இன்னொரு பெரிய தட்டில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அதற்குள் வைத்தோம். 22, 23 டிகிரியில் நின்றது, அது போதும். ஹைப்போவுக்கு இந்தக் கவலை குறைவு. ஹைப்போ உப்பு கரையும்போது தண்ணீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், பாட்டில் வெளிப்புறம் வியர்த்துவிடும். பையனைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். வெப்பம் கொள் வினை என்று பாடத்தில் எழுதியிருந்தவனுக்கு அன்றைக்குத்தான் கையில் குளிர்ந்தது.

டெவலப்பருக்கு மெட்டால் தேடி அலையும் முன்பு காபியில் செய்து பார்க்க ஆசைப்பட்டான். இது விளையாட்டுச் சங்கதி இல்லை. அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் 1995-இல் சோதித்துக் காட்டிய முறை. காபியில் உள்ள காஃபியிக் அமிலம் வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றும். காஃபீனுக்கு இதில் பங்கு இல்லை. ஒரு லிட்டருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், இன்ஸ்டன்ட் காபித்தூள் 40 கிராம். பிலிமுக்குப் பலரும் பயன்படுத்தும் அளவு இது, நாங்கள் தாளுக்கும் அதையே வைத்துக்கொண்டோம்.

முதல் நாள் எதுவுமே வரவில்லை. பத்து நிமிடம் ஆட்டியும் தாள் வெள்ளையாகவே கிடந்தது. பையன் தாளைக் குறை சொன்னான். நான் சோடாப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். கடையில் சோடா உப்பு என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறான், அவர்கள் ஆப்ப சோடாவைக் கொடுத்திருக்கிறார்கள். ஆப்ப சோடா சோடியம் பைகார்பனேட், அதன் காரத்தன்மை இந்த வேலைக்குப் பற்றாது. நமக்கு வேண்டியது கார்பனேட், அதாவது சலவைச் சோடா. ராத்திரியில் எந்தக் கடை திறந்திருக்கும்? ஓர் உதவாத இரும்பு வாணலியில் அந்த ஆப்ப சோடாவையே அரை மணி நேரம் நன்றாக வறுத்தோம். உள்ளிருந்து நீராவியும் கரியமில வாயுவும் கிளம்பும்போது தூள் தண்ணீர் கொதிப்பதுபோலக் குமிழியிட்டு ஆடும். ஆட்டம் அடங்கினால் மிஞ்சுவது சோடியம் கார்பனேட். 100 கிராம் போட்டால் 63 கிராம் மிஞ்ச வேண்டும். அவனே நிறுத்துப் பார்த்தான், 64 வந்தது. ஆறவைத்து மறுபடி கலக்கினோம். மூன்று நிமிடத்தில் படம் எழுந்தது. காபித் தட்டின் நாற்றம் சகிக்க முடியாது, தாளின் வெள்ளையிலும் பழுப்பு ஏறும். அதனால் அடுத்த வாரமே நாங்கள் டி-72 கலக்கிக்கொண்டோம். ஆனால் கடையில் எதுவும் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் காபியை நம்பி இறங்கலாம்.

என்லார்ஜருக்குப் பல ஆயிரம் ஆகும் என்று கட்டுரை சொன்னது, இருக்கட்டும். பையன் பால்பவுடர் டப்பாவில் ஓர் ஊசித்துளை கேமரா செய்தான். உள்ளே கறுப்பு பெயின்ட். பானக் கேனிலிருந்து வெட்டிய தகட்டில் மெல்லிய ஊசி முனையால் துளை, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தான். துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பிலிமுக்குப் பதிலாக அதே பிரிண்ட் தாளைச் சிவப்பு விளக்கில் உள்ளே வளைத்து வைத்து, மூடியைப் போட்டு, துளையைக் கறுப்பு டேப்பால் மூடினோம். மொட்டைமாடியில் முழு வெயிலில் முக்கால் நிமிடம் டேப்பைத் திறந்து வைத்தால் போதும். கீழே கொண்டுவந்து கழுவினால் தாளே நெகட்டிவ். அதை இன்னொரு தாளின் முகத்தோடு முகம் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மேலிருந்து டார்ச் அடித்தால் பாசிட்டிவ். அதற்குத் தாளின் முதுகில் கம்பெனி எழுத்து அச்சடிக்காத தாளாகப் பார்த்து வாங்க வேண்டும். எழுத்து இருந்தால் அதுவும் படத்தில் விழுந்துவிடும்.

அவன் மொட்டைமாடியிலிருந்து எடுத்தது பெரிய கோவில் விமானத்தை. அந்தப் படம் தட்டில் எழுந்தபோது எனக்கு லின்னேயஸ் டிரைப் நினைவுக்கு வந்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த ராணுவ கேப்டன் அவர். 1858-இல் தஞ்சாவூர், மதுரை, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று சுற்றியபோது சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவரும் காகித நெகட்டிவில் படம் எடுத்திருக்கிறார். பெரிய கோவில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். நம்மூர் வெயிலும், அந்த வண்டியில் வந்த தண்ணீரும், கூடாரத்து இருட்டும்தான் அவருக்கு வாய்த்தவை. எங்களுக்கோ குழாய் இருக்கிறது, ஐஸ் இருக்கிறது. பையனிடம் இதைச் சொன்னபோது அவன் விமானத்தின் அடியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அந்தக் கல்வெட்டு வரிகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன.

இருட்டே வேண்டாத ஒரு வேலையும் உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது. மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து பழைய தாள் பாக்கெட் ஒன்று எனக்குக் கிடைத்தது. காலாவதியானதால் கழுவினால் சாம்பல்தான் வருகிறது. அதன் மேல் வேப்பிலைக் கொத்தை வைத்து, கண்ணாடியால் மூடி, வெயிலில் ஒரு மணி நேரம் போட்டோம். டெவலப்பர் இல்லாமலே தாள் ஊதாவாகவும் பழுப்பாகவும் நிறம் மாறி, இலை வெளிர்நிறத்தில் நின்றது. ஹைப்போவில் போட்டால் நிறம் கொஞ்சம் இறங்கும், ஆனால் நிலைக்கும். மாடி வீட்டில் இருக்கும் ஏழு வயதுப் பெண் அரச இலையில் நான்கு செய்து வைத்திருக்கிறாள்.

வெளிச்சத்தைப் பற்றிப் பயமுறுத்திய கட்டுரை, உண்மையிலேயே பயப்பட வேண்டியவற்றைச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வருத்தம். இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் தொடங்கினால், தயவுசெய்து இவற்றைக் கவனியுங்கள். ஒருமுறை ரசாயனத்துக்குப் போன தட்டு, கரண்டி, அளவுக் குவளை எதுவும் மறுபடி சமையலுக்கு வரக் கூடாது. காபியில் செய்தாலும் அதுதான் விதி. என் அம்மா போட்ட நிபந்தனையை நான் ஆய்வகத்திலும் மாற்றவில்லை. மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் வெடிப்பும் கொடுக்கும். அண்ணனுக்கு விரல் இடுக்குகளில் வந்து, ஆறு மாதம் சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாமல் கஷ்டப்பட்டான். அன்றைக்கு யாரும் எங்களுக்குக் கையுறை போடச் சொல்லவில்லை. இன்று மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது, இடுக்கியும் வாங்கிக்கொள்ளுங்கள். தூளைக் கலக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் மின்விசிறி வேண்டாம், தூள் பறக்கும். அடர்ந்த அசிட்டிக் அமிலம் வேண்டவே வேண்டாம். கடையில் விற்கும் வெள்ளை வினிகரில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் போதும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடக் கூடாது, விளக்கின் ஒயரைத் தட்டுகளுக்கு மேலே தொங்கவிடக் கூடாது. பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

பழைய ஹைப்போவைக் கிணற்றடியிலோ செடியிலோ ஊற்றாதீர்கள். வெளிச்சம் படாத வெள்ளி உப்பெல்லாம் அதில்தான் கரைந்து இறங்குகிறது. அந்த வெள்ளி நீரில் வாழும் உயிர்களுக்கு நஞ்சு, செப்டிக் டேங்கில் வேலை செய்யும் நுண்ணுயிர்களையும் கெடுக்கும். அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்களிலிருந்து பழைய ஹைப்போவைக் காசு கொடுத்து வாங்கிப் போவார்கள், அதிலிருந்து வெள்ளி எடுப்பதற்காக. வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கேனில் அதைச் சேர்த்து வைத்து, சாதாரண இரும்பு நாரைப் போட்டு ஒரு வாரம் விடலாம். இரும்பு கரைந்து வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் தங்கும். பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத எஃகு நார் இதற்கு உதவாது. நாங்கள் அந்தக் கேனை இன்னும் கொட்டவில்லை. நான் வேலை பார்த்த பள்ளியின் ஆய்வகக் கழிவோடு சேர்த்துக்கொள்வதாக அங்குள்ள ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

உங்களிடம் நான் கேட்பது, அந்த நான்காவது பத்திக்கு ஒரு திருத்தம். அதை விடுமுறை முடிவதற்குள் போட்டால் நல்லது. ஊசித்துளை கேமரா பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளி ஆய்வக அலமாரியில் சோடியம் தயோசல்பேட் என்று எழுதிய பாட்டில் இருக்கிறது. அதுதான் ஹைப்போ. சோடியம் கார்பனேட்டும் அங்கேயே இருக்கிறது. என் 31 வருடத்தில் இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்து ஒரு வகுப்புக்குக்கூட நான் நடத்தவில்லை. பாடத்திட்டத்தில் இல்லை என்று விட்டுவிட்டேன், அது இப்போது மனதை உறுத்துகிறது. உங்கள் நாளிதழைப் படிக்கும் ஆசிரியர்கள் யாராவது செய்ய நினைத்தால் அளவுகளை எல்லாம் எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இத்துடன் பையன் எடுத்த விமானப் படத்தின் பிரிண்ட் ஒன்றை வைத்திருக்கிறேன். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சாம்பல் பட்டை தெரியும். தாளை டப்பாவில் வைக்கும்போது அவன் சட்டைப் பையில் இருந்த செல்போன் மணியடித்துத் திரை எரிந்துவிட்டது. அது விழுந்தது நெகட்டிவில், அதனால் எத்தனை பிரிண்ட் போட்டாலும் வரும். அன்றிலிருந்து செல்போன் குளியலறைக்கு வெளியே ஸ்டூலில்தான் இருக்கிறது. படத்தை வெளியிடுவதானால் அந்தப் பட்டையை வெட்டாமல் போடுங்கள் என்று அவன் சொல்லச் சொன்னான். திருப்பி அனுப்ப வேண்டாம், இன்னொரு பிரிண்ட் எங்கள் பீரோவில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
தஞ்சாவூர்.